பாட வைப்புமுறை: காளையார்கோவிலை முன்வைத்து ஓர் ஆய்வு

பள்ளிப் பாடத்திட்டம் வகுப்பார் முன் இரு வினாக்கள் நிற்கின்றன. கற்பிக்கத்தக்கவை யாவை என்பது ஒன்று. அவற்றுள் எது முன், எது பின் என்பது மற்றொன்று. முதல் வினாவைப் பற்றித் தமிழறிஞரிடையே நெடிய சொற்போர் நிகழ்ந்துளது. எந்த நூலைச் சேர்த்தல் வேண்டும், எந்தப் புலவரை விடலாகாது என்பன பலகாலும் ஆராயப்பட்டுள்ளன. இரண்டாம் வினாவோ தானே விடை பெற்றுக்கொள்ளும் எனக் கருதிப் பெரும்பாலும் விடப்படுகின்றது. காலத்தால் முந்திய நூல் பாடநூலிலும் முந்தி நிற்கின்றது. இலக்கணத்தில் எழுத்திலக்கணம் முதலிடம் பெறுகின்றது. பொருளுக்குரிய வரிசையே பாடத்துக்குரிய வரிசையாகவும் கொள்ளப்படுகின்றது.

இக்கட்டுரையுள் யாம் இரண்டாம் வினாவையே எடுத்துக்கொள்கின்றோம். பொருளின் வரிசை வேறு, கற்போனின் வரிசை வேறு என்பதும், இவ்வேறுபாட்டை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதும், இன்றைய பாடநூல் வகுப்பார் இதனைக் கைக்கொண்டாலன்றிச் சிறந்த பாடமும் பயன்படாது போம் என்பதும் எம் கருத்து. ஏணியின் முதற்படி எட்டாவிடின், எஞ்சிய படிகள் எத்துணை உறுதியாக இருப்பினும் ஏறுவான் தரையிலேயே நிற்பான். இதனை விளக்கச் சிவகங்கை மாவட்டத்துக் காளையார்கோவிலைச் சான்றாகக் கொள்வோம். ஒரே ஊரைப் பற்றிச் சங்கப் பாடலும் தேவாரமும் அண்மைக்கால வரலாறும் அங்குக் கிடைத்தலின், வரிசை பற்றிய ஆராய்ச்சிக்கு அவ்வூர் மிகவும் ஏற்புடையது.

1. பொருள்முறை

தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரமும் அதிகாரத்துக்கு ஒன்பதாக இருபத்தேழு இயலும் உடையது. எழுத்தாற் சொல்லும், சொல்லாற் பொருளும் அமைதலின் இவ்வரிசை பொருளுக்கு முற்றும் பொருந்தியது. இளம்பூரணர் முதலிய உரையாசிரியர்கள் ஓர் இயலைத் தொடங்குங்கால் முன்னியலோடு அதற்குள்ள இயைபு யாதென வினவி விடை கூறிச் செல்வர். வைப்புமுறைக்குக் காரணம் காட்டுதல் உரைகாரர் கடமையென்று கருதப்பட்டது. நன்னூலாரும் நூலுக்குரிய முப்பத்திரண்டு உத்திகளுள் முறையாக வைத்தலை ஒன்றாக எண்ணினார்.

எழுத்துகளின் வரிசையையும் இவ்வாறே காணலாம். சிறப்பும் இனமும் பற்றியே எழுத்துகள் முறைப்பட்டன என்பது நன்னூற் கருத்து. க ங, ச ஞ, ட ண, த ந, ப ம என்னும் இணைகள் பிறப்பிடம் பற்றி அமைந்தவை. இவ்வமைப்பு ஒலியியல் நோக்கில் வியக்கத்தக்கது. ஆயின் ஐந்து வயதுக் குழந்தைக்கு இவ்விணைகளின் இனவொற்றுமை தோன்றாது. அதற்குத் தோன்றுவது எழுத்தின் வடிவமே. வளைவும் சுழியும் மிக்க ஞ, ண என்பவற்றை எழுதக் கை பழகுமுன், நேர்கோடுகளால் ஆகிய ட, ப என்பவை எளிதிற் படியும். ட, ப, ம என்னும் மூன்றையும் புள்ளியையும் அறிந்த குழந்தை படம், மடம், பட்டம், மட்டம் என்னும் சொற்களைத் தானே படிக்கவல்லதாகும். நெடுங்கணக்கின் முதல் மூன்று எழுத்துகளால் இப்பயன் கிட்டாது. இதனால் நெடுங்கணக்கு குறையுடைத்தென்று கூறுதல் எம் நோக்கமன்று. அது எழுத்துகளை அடைவுபடுத்தும் வரிசை. முதன்முதல் அவற்றை அறிமுகஞ்செய்யும் வரிசை வேறாகலாம்.

பவணந்தியார் இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் என்பதற்கு நன்னூற் பொதுப்பாயிரமே சான்று. நூலின் இயல்பை ஒருபுறம் வைத்து, பாடஞ்சொல்லும் முறையையும் மாணாக்கன் பாடங்கேட்கும் முறையையும் அவர் தனித்தனியே கூறுகின்றார். ஆசிரியன் சொல்லவேண்டுவனவற்றை முன்னரே உள்ளத்தில் அடைவுபடுத்தி, விரையாமலும் வெகுளாமலும், ஏற்பவன் ஏற்கும் திறம் நோக்கிச் சொல்லுதல் வேண்டும் என்பது அவர் விதி. நூலுக்குரிய முறை இஃது, மாணவனுக்குரிய முறை இஃது எனப் பிரித்துணர்ந்தார்க்கன்றி இவ்விதி தோன்றாது.

கேட்கும் முறையில் அவர் காட்டும் கணக்கும் கருதத்தக்கது. ஒன்றனை இருமுறை கேட்டான் பெரும்பிழையின் நீங்குவான். மும்முறை கேட்டான் முறைப்பட உரைக்கவல்லவன் ஆவான். ஆசிரியன் உரையை நன்கு கேட்டாலும் புலமையிற் காற்பங்கே கைவரும். உடன்பயில்வாரோடு பழகுதலாற் காற்பங்கு வரும். தான் பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும். ஒரு பாடம் ஒருமுறை நடத்தப்பட்டதும் முடிந்துவிடுவதன்று என்பது இதன் உட்கிடை. அமெரிக்க உளவியலறிஞர் புரூனர் 1960இல் வெளியிட்ட கல்வி நூலில், அடிப்படைக் கருத்துகள் வகுப்புதோறும் மீண்டும் மீண்டும் வந்து ஒவ்வொரு முறையும் விரிவும் ஆழமும் பெறவேண்டும் என்றார். அவருக்கு முன் 1949இல் தைலர் என்பார் கற்றற் பட்டறிவுகளை அமைத்தற்குத் தொடர்ச்சி, வரிசை, இயைபு என்னும் மூன்று அளவைகளைக் கூறினார். உரையாசிரியர் வினவிய இயைபும் நன்னூலார் வற்புறுத்திய மீட்சியும் இவற்றோடு ஒப்பிட்டு ஆராயத்தக்கன.

2. திண்ணைப்பள்ளியின் வரிசை

திண்ணைப்பள்ளிகளில் வழங்கிய பாடவரிசையைப் பழமையென்று தள்ளிவிடுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. மணலில் எழுத்துப் பழகி, பின்னர் ஓலையில் எழுத்தாணி பிடித்து, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி எனச் செல்வது அங்குப் பெருவழக்கு. இவற்றின் அமைப்பை நோக்குவார்க்கு ஓர் ஏணி புலப்படும்.

ஆத்திசூடியின் ஓரடி பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்களால் ஆயது. கொன்றைவேந்தனில் அது நாற்சீர் அடியாக நீள்கின்றது. மூதுரையும் நல்வழியும் வெண்பாக்களால் ஆயவை. கடவுள் வாழ்த்து நீங்க முன்னது 30 பாட்டும் பின்னது 40 பாட்டும் உடையன. சொற்றொடர், அடி, பாட்டு என அளவு படிப்படியே வளர்கின்றது. அன்றியும் முதலிரு நூல்களும் அகரவரிசையில் அமைந்தமையின், எழுத்தை நினைவூட்டும் தொழிலையும் அறம் புகட்டும் தொழிலையும் ஒருங்கே செய்கின்றன. டகரமும் ணகரமும் மொழிக்கு முதலாகாமையின், ஆத்திசூடி இகரத்தை முன்னிறுத்தி அவற்றை இரண்டாம் எழுத்தாக்குகின்றது. ஙகரத்துக்கு வழக்கிற் சொல் இன்மையின் அவ்வெழுத்தையே உவமையாக்கி ஓர் அறிவுரை பிறக்கின்றது. கற்போனை உளத்திற் கொண்டு செய்த வைப்பு இது என்பதில் ஐயமில்லை.

கணக்கிலும் இவ்வொழுங்கு உண்டு. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்பன ஒன்றன்மேல் ஒன்றாகக் கற்பிக்கப்பட்டன. எண்ணின் பெயர், பின்ன அளவை, பெருக்கல், நிலவளவை எனக் கற்றவை வாழ்வுத் தேவையை நோக்கி நகர்ந்தன.

எனினும் இவ்வேணியில் ஒரு படி இல்லை. பேசும் மொழியினின்று பாட்டின் மொழிக்குச் செல்லும் படியே அது. சென்னை மாகாண ஆளுநர் மன்றோ 1822இல் நாட்டுக் கல்விநிலை பற்றிய கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தமை அக்கணக்கெடுப்பால் தெரியவந்தது. அது பற்றி 1823இல் அறிக்கை விடுத்த பெல்லாரி ஆட்சியர் காம்பெல், மணலில் எழுதுதலையும் மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பித்தலையும் பாராட்டினார். ஆயின் பள்ளிகளிற் பயின்ற செய்யுள் மொழி பேச்சுமொழியினின்று வேறுபட்டமையின், மாணவர் பொருளறியாது ஓதினர் என்பதையும் எடுத்துரைத்தார். அவர் கண்டது தெலுங்கும் கன்னடமும் பயின்ற பள்ளிகளையேயாயினும், நினைவை முன்வைத்துப் பொருளைப் பின்வைக்கும் முறை தமிழ்ப்பள்ளிக்கும் பொதுவே. மனப்பாடம் செய்தவற்றின் பொருள் பின்னாளில் விளங்கும் என்பது அம்முறையின் துணிபு. படிப்பைத் தொடர்ந்தார்க்கு அது விளங்கியது. ஈராண்டிலோ மூவாண்டிலோ பள்ளியை விட்டார்க்கு ஓசை மட்டுமே எஞ்சியது.

3. அண்மைக்கால முயற்சிகள்

தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் அண்மையில் நிகழ்ந்த இரு மாற்றங்கள் வரிசை பற்றியவை. ஆந்திரத்து ரிஷிவேலியில் உருவான அட்டைமுறையைத் தழுவிய செயல்வழிக் கற்றல் முதலிற் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நடைபெற்றுப் பின்னர் 2007ஐ ஒட்டி மாநிலம் முழுதும் பரவியது. பாடம் சிறுசிறு படிகளாகப் பகுக்கப்பட்டது. ஏணிப்படி என்னும் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு குழந்தையும் தன் படியைத் தானே அறிந்து தன் விரைவில் ஏறியது. பெருந்தொற்றுக் காலத்திற் பள்ளிகள் மூடப்பட்டமையால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாட்டரசு 2022இல் எண்ணும் எழுத்தும் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்கண் குழந்தைகள் பயிலும் வகுப்பை நோக்காது, அடைந்த நிலையை நோக்கி அரும்பு, மொட்டு, மலர் என முத்திறமாகப் பகுக்கப்பட்டனர்.

இவற்றின் நிறைகுறைகளை அளந்து கூறுதல் இக்கட்டுரையின் எல்லைக்குப் புறம்பானது. எமக்கு வேண்டுவது ஒன்றே. வகுப்பு என்னும் புறவரிசையும் குழந்தை எய்திய நிலை என்னும் அகவரிசையும் ஒன்றல்ல என்பதைக் கல்வித்துறை ஏற்றுக்கொண்டது. ஆயின் இவ்வேற்பு தொடக்க வகுப்புகளின் எழுத்தறிவோடும் எண்ணறிவோடும் நின்றுவிட்டது. இலக்கியப் பாடத்துக்கு இது சென்று சேரவில்லை. உயர்வகுப்பு மாணவன் பழைய செய்யுளைக் கண்டு மருளும்பொழுது அவன் எந்தப் படியில் நிற்கின்றான் என்று நாம் வினவுவதில்லை.

4. கானப்பேர்ப் பாடங்கள்

இனிக் காளையார்கோவிலுக்கு வருவோம். அவ்வூர் பற்றி மாணவர்க்குக் கற்பிக்கத்தக்கவை, கால அடைவில் வைத்தால், மூன்றாக அமையும்.

முதலாவது புறநானூற்று 21ஆம் பாட்டு. கானப்பேரெயில் என்னும் கோட்டையை வேங்கைமார்பனிடமிருந்து கைப்பற்றிய பாண்டியன் உக்கிரப்பெருவழுதியை ஐயூர் மூலங்கிழார் பாடியது. அக்கானப்பேரே இன்றைய காளையார்கோவில் என்பது அறிஞர் கொள்கை. ஆழ்ந்த அகழியும் உயர்ந்த மதிலும் அடர்ந்த காவற்காடும் உடைய அக்கோட்டை, கொல்லன் உலையிற் காய்ச்சிய இரும்பு உறிஞ்சிய தண்ணீர்போல இனி மீளாது என்று வேங்கைமார்பன் வருந்தினான் என்பது பாட்டின் செய்தி. இரண்டாவது தேவாரம். சம்பந்தர் பதிகம் மூன்றாம் திருமுறையிலும் சுந்தரர் பதிகம் ஏழாம் திருமுறையிலும் உள்ளன. மூன்றாவது அண்மை வரலாறு. 1772இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் இவ்வூர்ப் போரில் வீழ்ந்தமையும், 1801இல் மருதுபாண்டியர் இவ்வூரை அரணாகக் கொண்டு கும்பினிப் படையை எதிர்த்தமையும் அதன்பாற்படும்.

காலவரிசை புறநானூற்றை முதலில் வைக்கச் சொல்லும். மொழியால் மிக அரியதும், வாழ்க்கைச் சூழலால் மிகச் சேயதும் அதுவே. 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த பின்னரே கற்றறிந்தார்க்கும் அது பரவலாகக் கிட்டியது. அத்தகைய பாட்டை முதற்படியாக வைப்பின், காளையார்கோவிற் சிறுவன் தன் ஊரைப் பற்றிய பாட்டையே அயல்நாட்டுப் பாட்டாகக் கொள்வான். ஆதலின் இவ்வரிசையைப் பெரும்பாலும் தலைகீழாக்குதல் வேண்டும் என்கின்றோம். அவ்வாறு ஆக்கின் ஒவ்வொரு பாடமும் அடுத்ததற்குத் திறவுகோலாதலைக் காணலாம்.

முதலிரு வகுப்புகளில் ஊர்ப்பெயரும் கண்ணாற் காணும் பொருள்களும் போதும். கோவில், கோபுரம், கண்மாய், காளை என்னும் சொற்கள் பேச்சில் உள்ளவை. அவற்றை எழுத்திற் காண்பதே அங்குக் கல்வி. மூன்று முதல் ஐந்து முடிய உள்ள வகுப்புகளில் செவிவழிக் கதை இடம்பெறலாம். பெரிய கோபுரத்தை மருதுபாண்டியர் எழுப்பினர் என்றும், அதற்கு வேண்டிய செங்கல்லை மானாமதுரையிலிருந்து மக்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கொணர்ந்தனர் என்றும் வழங்கும் கதை அவ்வயதினர்க்கு உகந்தது. கதை வேறு, சான்றுடைய வரலாறு வேறு என்பதை அடுத்த நிலையிற் கூறுதற்கும் அது வாயிலாகும்.

ஆறு முதல் எட்டு முடிய உள்ள வகுப்புகளில் வரலாறு வரும். இங்கு ஒரு செய்தியை வற்புறுத்துதல் வேண்டும். 1801இல் கும்பினிப் படை சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை அமைக்க முயன்றது. ஏறத்தாழ ஒரு திங்கள் முயன்றும் இயலாது அம்முயற்சியைக் கைவிட்டது. அதன்பின் அக்டோபர் முதல் நாளிலேயே பல திசையினின்றும் தாக்கி ஊரைக் கைப்பற்றியது. அத்திங்கள் 24ஆம் நாள் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். இவ்வரலாற்றைக் கற்ற மாணவன் காடு ஓர் அரண் என்பதைத் தன் ஊரின் நிகழ்ச்சியாகவே உணர்வான். நீர், நிலம், மலை, காடு என நான்கையும் அரணின் உறுப்பாகக் கூறும் குறளை (742) இந்நிலையில் வைத்தால், பொருள் விளக்கம் மிகையாகவே வேண்டப்படாது.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் தேவாரம் வரலாம். சுந்தரர் திருச்சுழியலில் தங்கியபொழுது இறைவன் கையிற் செண்டேந்திய காளைப்பருவத்தினனாய்க் கனவில் தோன்றித் தன் இருப்பிடம் கானப்பேர் என்றான் என்பது பெரியபுராண வரலாறு. சுந்தரர் பதிகத்திற் பாட்டுத்தோறும் ஊர்ப்பெயரும் காளை என்னும் சொல்லும் ஈற்றில் மீள வருகின்றன. அறியாத சொற்களுக்கு நடுவே அறிந்த சொல் திரும்பத்திரும்ப வருதலின் கற்போன் ஒவ்வொரு பாட்டிலும் ஊன்றி நிற்க இடம் பெறுகின்றான். கானப்பேர் காளையார்கோவில் ஆன வரலாறும் இங்கே விளங்கும். முதல் வகுப்பிற் படித்த காளை என்னும் சொல் இப்பொழுது இளைஞன் என்னும் பொருளையும் பெற்று மீள்கின்றது.

மேனிலை வகுப்பிற் புறநானூறு வரும்பொழுது மாணவன் கையில் மூன்று கருவிகள் உள. கானப்பேர் என்னும் பெயரைத் தேவாரத்தால் அறிந்தான். காவற்காட்டின் பயனை 1801ஆம் ஆண்டு நிகழ்ச்சியால் அறிந்தான். அரணின் உறுப்பைக் குறளால் அறிந்தான். எஞ்சியது மொழியின் அருமையும் உவமையின் நுட்பமுமே. ஆசிரியர் தம் பொழுதை அவற்றுக்கே செலவிடலாம். கோட்டையை இழந்தான் ஒருவன் கூற்றாக அவ்வுவமை ஏன் வைக்கப்பட்டது, வென்றவனைப் புகழும் பாட்டில் தோற்றவன் துயர் ஏன் இடம்பெற்றது என்னும் வினாக்களை எழுப்புதற்கு அப்பொழுதே இடம் உண்டு. முதற்படியிலேயே அப்பாட்டை வைத்திருப்பின், அரும்பதவுரையோடு வகுப்பு முடிந்திருக்கும்.

5. தடையும் விடையும்

இம்முறைக்கு மூன்று தடைகள் எழுப்பப்படலாம்.

காலவரிசை கெடின் வரலாற்றுணர்வு கெடும் என்பது ஒன்று. காலவரிசை கைவிடப்படவில்லை, இறுதிக்கு மாற்றப்படுகின்றது. அனைத்தையும் கற்ற மேனிலை மாணவன் தானே அவற்றைக் கால அடைவில் வைத்துக் காண்பான். அறிந்தவற்றை அடைவுபடுத்துதல் கல்வியின் பயன். அறியாதவற்றின் அடைவைப் பெறுதல் வெறும் பட்டியல்.

அரிய பாட்டை மேனிலை வரை ஒத்திவைத்தால், இடையிற் பள்ளியை விட்டார் அதனை முற்றும் இழப்பர் என்பது இரண்டாவது. இது வலிய தடை. இதற்கு மீட்சி முறையே விடையாகும். காய்ந்த இரும்பு தண்ணீரைக் குடித்துவிட்டால் அத்தண்ணீரைத் திரும்பப் பெற முடியுமா என்னும் வினாவை நான்காம் வகுப்பிலேயே சிறுகதையாக எழுப்பலாம். ஏழாம் வகுப்பிற் பாட்டின் கருத்தை எளிய உரைநடையிற் படிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் வருவது பாட்டின் மூலம். ஒரே பொருள் மும்முறை வருகின்றது. முதன்முறையோடு நின்றாரும் வெறுங்கையராய்ச் செல்லார்.

ஓர் ஊர்க்குரிய வரிசை மாநிலம் முழுதுக்கும் எவ்வாறு பொருந்தும் என்பது மூன்றாவது. காளையார்கோவிற் பாடங்களை எல்லா ஊர்க்கும் பொதுவாக்குக என்று யாம் கூறவில்லை. சங்கப் பாடலிலோ பதிகத்திலோ கல்வெட்டிலோ இடம்பெற்ற ஊர்கள் தமிழகத்திற் பலவுள. பொதுப் பாடநூல் மேனிலையிற் கற்கவேண்டிய மூலத்தை வரையறுக்கட்டும். அதற்கு இட்டுச்செல்லும் கீழ்ப்படிகளை அவ்வவ் வட்டாரத்து ஆசிரியர் அமைத்துக்கொள்ள இடந்தரட்டும். சேருமிடம் பொதுவாகவும், புறப்படுமிடம் தத்தம் ஊராகவும் அமைதல் முரணன்று.

6. முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். நூலுக்குரிய வைப்பும் கற்பித்தற்குரிய வைப்பும் வேறுவேறு. பாயிரத்தைத் தனியே வகுத்த நன்னூலார் இதற்குச் சான்று. ஒரு பாடத்தின் இடத்தை அதன் காலமோ பெருமையோ உறுதிசெய்யலாகாது. அதற்கு முன் கற்றவை அதனைத் திறக்கின்றனவா என்பதே உறுதிசெய்தல் வேண்டும். சிறந்த பாடம் ஒருமுறை வந்து மறைவதன்று. வேறுவேறு உருவில் மீள வருவது.

இவற்றை நடைமுறைப்படுத்தப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் செய்யவேண்டிய பணி ஒன்று உளது. பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும் ஒவ்வொரு செய்யுட்கும், அதனை உணர்தற்கு மாணவன் முன்னரே அறிந்திருக்கவேண்டிய சொற்கள், வரலாற்றுச் செய்திகள், இலக்கணக் குறிப்புகள் ஆகியவற்றின் பட்டியல் தொகுக்கப்படல் வேண்டும். அவற்றுள் எவை கீழ்வகுப்புகளிற் கற்பிக்கப்பட்டுள, எவை விடுபட்டுள என்பதை ஒப்பிட்டு நோக்கினால் ஏணியில் இல்லாத படிகள் தாமே வெளிப்படும். முதுகலை மாணவர் ஒருவர் ஒரு வகுப்பின் பாடநூலை எடுத்துக்கொண்டு ஓராண்டில் இதனைச் செய்து முடிக்கலாம். தம் ஊர்ப் பள்ளியில் வழங்கும் நூலினின்றும் இப்பணியைத் தொடங்குவாராயின், அப்பள்ளி ஆசிரியர்க்கு அது அவ்வாண்டே பயன்படும்.